கழியும் இரும்பும்: மத்தியகாலக் காலாட்படையின் நெடுங்கழி ஆயுதங்கள்

வலுவான ஒரு கழி, அதன் நுனியில் ஒரு துண்டு இரும்பு. நெடுங்கழி ஆயுதம் என்றால் அவ்வளவுதான். நுனியில் ஈட்டி முனையா, கோடரியா, கொக்கியா, சுத்தியலா என்பதைப் பொறுத்துப் பெயரும் மாறும், வேலையும் மாறும். சினிமாவிலும் வீடியோ கேமிலும் மத்தியகால ஐரோப்பியப் போர் என்றாலே வாளோடு வாள் மோதுகிறது. நிஜத்தில், நடந்துபோய்ச் சண்டையிட்ட சாதாரணச் சிப்பாய்க்கு வாள் பெரும்பாலும் இடுப்பில் தொங்கிய இரண்டாவது ஆயுதம். கையில் பிடித்திருந்தது கழியைத்தான்.

அந்தக் கழி ஏன் அவ்வளவு முக்கியம்? முதலில் எட்டம். எதிரியின் ஆயுதம் நம்மைத் தொடுவதற்குள் நம்முடையது அவனைத் தொட வேண்டும். குதிரைமேல் வருகிறவனிடம் இது உயிர்ப் பிரச்சினை. அடுத்தது வேகம். இரண்டு மீட்டர் கழியை இரண்டு கைகளாலும் பிடித்துச் சுழற்றினால், கை சற்றே நகர்ந்தாலும் நுனி பெரிய வட்டம் போடும். அந்த நுனியில் ஒரு கிலோ இரும்பு இருந்தால், வாளால் தர முடியாத அடி விழும். அப்புறம் விலை. நல்ல வாளுக்கு நல்ல எஃகும் தேர்ந்த கைவினைஞரும் வேண்டும். கழி ஆயுதத்தின் தலையை ஊர்க் கொல்லரே அடித்துக் கொடுத்துவிடுவார், மற்றதெல்லாம் மரம். பெரும்பாலும் ஆஷ் மரம், வளைந்து கொடுக்கும், சட்டென்று முறியாது.

ஏழைக்கு ஏற்ற ஆயுதம் என்பதை அரசர்களும் அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1285இல் வந்த வின்செஸ்டர் சட்டம், யார் வீட்டில் என்ன ஆயுதம் இருக்க வேண்டும் என்பதைச் சொத்துக்கு ஏற்ப வகுத்தது. பணக்காரனுக்குக் குதிரையும் இரும்புக் கவசமும் வாளும். ஆண்டுக்கு 40 ஷில்லிங்கூட வருமானம் வராத நிலம் வைத்திருந்தவனுக்குக் கத்தியும், கிசார்ம் என்ற கழி ஆயுதமும்.

இவற்றில் பல, வயலிலிருந்து நேராகப் போர்க்களத்துக்கு வந்தவை. இங்கிலாந்தின் 'பில்' அதற்கு நல்ல உதாரணம். வேலியில் கிளை கழிக்கும் வளைந்த அரிவாளை நீண்ட கழியில் மாட்டி, மேலே ஒரு கூர்முனையும் பின்னால் ஒரு முள்ளும் சேர்த்தால் பில். முருங்கைக்காய் பறிக்கிற நம் துறட்டியைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கற்பனை செய்துகொண்டால் போதும், கிட்டத்தட்ட அதே சங்கதி: எட்டாததை எட்டி, கொக்கியில் மாட்டி, கீழே இழுப்பது. பொஹிமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், 1420களில் ஹுசைட் எனப்பட்ட மதச் சீர்திருத்தக் கிளர்ச்சியாளர்கள் தானியம் அடிக்கும் கதிரடிக் கோலில் இரும்பு முள் அடித்து எடுத்துவந்தார்கள். யான் ஜிஷ்கா என்ற அவர்களின் ஒற்றைக் கண் தளபதி வண்டிகளை வரிசையாகக் கட்டிச் சுவராக்கி, அதன் பின்னால் இந்த விவசாயிகளை நிறுத்தினார். வண்டிமேல் நிற்பவன் கோலை வீசினால் குதிரைமேல் இருப்பவனின் தலை சரியான உயரத்தில் வரும். 1525இல் ஜெர்மன் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோதும் புல்லறுக்கும் நீள அரிவாளின் அலகை நேராக நிமிர்த்திக் கழியில் பூட்டிக்கொண்டு வந்தார்கள். அது அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம்.

ஆரம்பத்தில் இந்தப் பெயர்களைப் பார்த்துத் தலை சுற்றும்: கிளேவ், வூல்ஜ், பார்ட்டிசான், ரான்சியர், ஸ்பெட்டம். மனப்பாடம் செய்ய வேண்டாம். இப்போது புத்தகங்களில் காணும் கறாரான வகைப்பாட்டில் பெரும்பகுதி, பிற்காலத்து ஆயுதச் சேகரிப்பாளர்கள் செய்தது. அந்தக் காலத்து எழுத்தர்கள் ஒரே பெயரை மூன்று பொருளுக்கும் மூன்று பெயரை ஒரே பொருளுக்கும் தாராளமாக எழுதியிருக்கிறார்கள். நுனியைப் பாருங்கள்: குத்துவதற்கு என்ன இருக்கிறது, வெட்டுவதற்கு என்ன, இழுப்பதற்கு என்ன? அது தெரிந்தால் ஆயுதம் தெரிந்த மாதிரிதான்.

சரி, முதல் எதிரிக்கு வருவோம்: குதிரை. நைட் எனப்பட்ட கவசக் குதிரைவீரர்கள் கூட்டமாகப் பாய்ந்து வரும்போது, எதிரே நிற்கும் காலாட்படை பெரும்பாலும் மோதலுக்கு முன்பே சிதறிவிடும். ஓட ஆரம்பித்தவனை முதுகில் குத்துவது எளிது. ஆனால் அவர்கள் ஓடாமல், தோளோடு தோள் சேர்த்து, ஈட்டிகளை நீட்டிக்கொண்டு நின்றால்? இடைவெளியே தெரியாத ஒரு முள்வேலிக்குள் குதிரை விரும்பிப் பாயாது. தயங்கும், திரும்பும், நின்றுவிடும். நின்ற குதிரைமேல் இருப்பவனின் நிலைமை பரிதாபம். ஆக, ஆயுதம் வேலை செய்ய வேண்டுமானால் பக்கத்தில் நிற்பவனும் நிற்க வேண்டும். தனி ஆளிடம் ஐந்து மீட்டர் ஈட்டி இருந்தால் அது அவனுக்கே தொந்தரவு.

1302 ஜூலை 11 அன்று கோர்ட்ரைக் என்ற ஊருக்கு வெளியே நடந்தது இதுதான். ஊர் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிறது. பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப்பை எதிர்த்து ஃபிளாண்டர்ஸ் நகரங்கள் கிளர்ந்திருந்தன. படையில் இருந்தவர்கள் நெசவாளர்கள், சாயம் தோய்ப்பவர்கள், இறைச்சிக் கடைக்காரர்கள், மற்ற கைத்தொழில் குழுவினர். கையில் நீண்ட ஈட்டிகளும் கூடெண்டாக் என்ற ஆயுதமும். கூடெண்டாக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும்: மேல்முனை பருத்த ஒரு தடி, உச்சியில் ஓர் இரும்பு முள். அடிக்கலாம், குத்தலாம், வேறு வித்தை ஒன்றும் கிடையாது. ஈட்டிக்காரர்கள் அடிமுனையைத் தரையில் ஊன்றிக் குதிரையை நிறுத்த, கூடெண்டாக்காரர்கள் இடையில் புகுந்து அடித்தார்கள்.

நிலமும் அவர்கள் பக்கம் இருந்தது. முன்னால் ஓடைகள், வாய்க்கால்கள், சேற்று நிலம். பிரெஞ்சுத் தரப்பின் காலாட்களும் குறுக்குவில் வீரர்களும் நன்றாகவே முன்னேறிக்கொண்டிருந்தபோது, வெற்றியின் பெருமை தங்களுக்கே சேர வேண்டும் என்பதுபோல் நைட்டுகள் அவர்களைப் பின்வாங்கச் செய்துவிட்டுத் தாங்கள் பாய்ந்தார்கள். ஓடையைத் தாண்டும்போதே வேகம் போய்விட்டது. மேலே ஏறி வந்தால் முள்வேலி. யாரையும் சிறைபிடிக்கக் கூடாது என்பது ஃபிளாண்டர்ஸ் படைக்கு இட்ட உத்தரவு. பிணைத்தொகை கொடுத்துத் தப்பித்துப் பழகிய பிரபுக்களுக்கு அது புதிய அனுபவம். தளபதி ஆர்ட்வாவின் ராபர்ட் உட்படப் பிரெஞ்சுப் பிரபுக்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். குதிரையை உந்துவதற்காக அவர்கள் குதிகாலில் மாட்டியிருந்த பொன் குதிமுட்கள் ஊர்த் தேவாலயத்தில் தொங்கவிடப்பட்டன. இன்றும் அந்தப் போருக்குப் பொன் குதிமுட் போர் என்றே பெயர்.

இதை மட்டும் படித்துவிட்டுக் காலாட்படை வென்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1298இல், ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க்கில் வில்லியம் வாலஸின் ஈட்டிப்படையும் இதேபோல் அடர்த்தியாகத்தான் நின்றது. குதிரைப்படையால் அதை உடைக்க முடியவில்லை. இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு குதிரைகளைப் பின்வாங்கச் செய்து, வில்லாளிகளை முன்னால் அனுப்பினான். நகராமல் நிற்கும் கூட்டத்தைவிட எளிதான இலக்கு வேறு இல்லை. அம்புகள் ஓட்டை போட்ட பிறகு குதிரைகள் அந்த ஓட்டை வழியாக நுழைந்தன. 1314இல் பானக்பர்னில் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் அதே ஈட்டிகளோடு வென்றதற்கு ஒரு காரணம், அவருடைய ஆட்கள் அணி கலையாமல் முன்னேறப் பழகியிருந்தார்கள் என்பது.

அடுத்த ஆண்டு, 1315 நவம்பர் 15, சுவிட்சர்லாந்தின் மோர்கார்ட்டன். ஹாப்ஸ்பர்க் குடும்பத்து லியோபோல்ட், ஷ்வீஸ் பகுதி மலைவாசிகளுக்குப் பாடம் கற்பிக்கப் படையோடு வந்தார். பாதை ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் சரிவு. மேலிருந்து பாறைகளும் மரக்கட்டைகளும் உருண்டன. பிறகு ஹால்பர்டு என்ற வெட்டும் கழி ஆயுதங்களோடு ஆட்கள் இறங்கினார்கள். குதிரைப்படை திரும்பவும் இடமில்லை, வேகம் எடுக்கவும் வழியில்லை. சில பத்தாண்டுகள் கழித்து வின்டர்தூர் ஊரைச் சேர்ந்த ஒரு பிரான்சிஸ்கன் துறவி, கவசம் அணிந்தவர்களையும் அந்த ஆயுதம் சவரக்கத்தியால் அறுத்ததுபோல் துண்டாக்கியது என்று எழுதினார். தோற்று ஊர் திரும்பிய லியோபோல்டின் முகத்தைச் சிறுவனாக இருந்தபோது நேரில் பார்த்தவர் அவர். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம், ஆனால் அந்த ஆயுதம் மக்களை எப்படி மிரட்டியது என்பது அதில் தெரிகிறது.

ஹால்பர்டு என்றதும் நாம் காண்பது மூன்று உறுப்புள்ள வடிவம்: முன்னால் கோடரி, உச்சியில் ஈட்டி முனை, பின்னால் கொக்கி. மோர்கார்ட்டனில் இருந்தவை இன்னும் எளியவை. நீளமான வெட்டுக்கத்தி போன்ற ஓர் அலகு, அதன் மேல்மூலை கூராக நீண்டிருக்கும், இரண்டு இரும்பு வளையங்கள் மூலம் கழியில் செருகப்பட்டிருக்கும். பின்கொக்கியும் தனியான ஈட்டி முனையும் மெல்ல மெல்லச் சேர்ந்தன. முழு வடிவம் வந்தபிறகு ஒரே ஆயுதம் மூன்று வேலை செய்தது. தூரத்தில் இருப்பவனைக் குத்தலாம், நெருங்கினால் வெட்டலாம், சேணத்தில் இருப்பவனைக் கொக்கி போட்டு இழுக்கலாம். கழியின் அடிமுனையாலும் இடிக்கலாம். ஆள் உயரம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் நீளம். எடை இரண்டிலிருந்து மூன்று கிலோ. பார்ப்பதற்கு முரடாக இருந்தாலும் கையில் நன்றாகச் சுழலும்.

கேடயம் எங்கே என்று கேட்கலாம். இரண்டு கையும் கழிமேல் இருக்கும்போது கேடயம் பிடிக்க முடியாது. வசதியுள்ளவர்கள் அந்தக் குறையைக் கவசத்தால் நிரப்பினார்கள். 14ஆம் நூற்றாண்டில் இரும்பு வளையங்களைக் கோத்த கவசத்தின்மேல் தகடுகள் ஏறின. 15ஆம் நூற்றாண்டில் தலை முதல் கால்வரை எஃகுத் தகடு. வளைவான எஃகுத் தகட்டில் கோடரி விளிம்பு வழுக்கும். அதனால்தான் நைட்டுகளே தரையில் இறங்கிச் சண்டையிட்டபோது எடுத்த போலாக்ஸ் என்ற குட்டைக் கழி ஆயுதத்தில் சுத்தியலும் முள்ளும் வந்தன. தகட்டை வெட்ட வேண்டியதில்லை. அடியின் அதிர்ச்சி உள்ளே இருப்பவனைத் தடுமாற வைத்தால் போதும். விழுந்தவனின் அக்குளிலோ முகமூடி இடுக்கிலோ முனை நுழைந்துவிடும். எதிரி கழியையே வெட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தலையிலிருந்து கழியின் பக்கவாட்டில் நீண்ட இரும்புப் பட்டைகளை இறக்கி ஆணி அடித்தார்கள். எல்லாக் கழி ஆயுதங்களிலும் எனக்குப் பிடித்த சிறு நுணுக்கம் இந்தப் பட்டைதான். அதைப் பார்த்தாலே, செய்தவர் எந்த அடியை எதிர்பார்த்தார் என்று புரியும்.

ஹால்பர்டு சுவிஸ் ஆட்களுக்கு நூறு ஆண்டுகள் நன்றாக உழைத்தது. அப்புறம் 1422 ஜூன் 30 அன்று, பெல்லின்சோனாவுக்கு அருகே ஆர்பெடோவில் ஒரு சிக்கல். மிலான் படைத் தளபதி கார்மன்யோலா முதலில் வழக்கம்போல் குதிரைப்படையை அனுப்பினார். ஹால்பர்டுகள் குதிரைகளைச் சாய்த்தன. உடனே அவர் தம் வீரர்களைக் கீழே இறங்கச் சொன்னார். குதிரைமேல் பிடிக்கும் நீண்ட ஈட்டியைத் தரையில் நின்று இரு கைகளாலும் நீட்டிக்கொண்டு அவர்கள் நடந்து வந்தார்கள். ஹால்பர்டு எட்டும் தூரத்துக்கு அப்பாலேயே ஈட்டி முனை நெஞ்சுக்கு வந்துவிட்டது. சுவிஸ் அணி பெரும் இழப்போடு பின்வாங்கியது. லூசர்ன் நகர மன்றம் பாடத்தைச் சுருக்கமாக எடுத்துக்கொண்டது: ஹால்பர்டைக் குறை, பைக்கைக் கூட்டு.

பைக் என்பது ஐந்து மீட்டரையும் தாண்டும் நெட்டீட்டி. நுனி இரும்பு கையளவு, மற்றதெல்லாம் கழி. தனியாகப் பிடித்துப் பார்த்தால் நுனி ஆடிக்கொண்டே இருக்கும். இலக்கில் வைப்பதே கஷ்டம். நூற்றுக்கணக்கானவர்கள் நெருக்கி நின்றால் கதை மாறும். முன்வரிசை மட்டுமல்ல, பின்னால் நிற்கும் இரண்டு மூன்று வரிசைகளின் முனைகளும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வருபவன் ஒரு முனையைத் தட்டிவிட்டால் அடுத்தது காத்திருக்கும். சதுரமாக நிற்கும் இந்த அணியின் வெளிப்புறத்தில் பைக்குகள், நடுவில் கொடியைச் சுற்றி ஹால்பர்டுகள். எதிரணி தடுமாறி நெருக்கம் கலைந்ததும், குட்டை ஆயுதக்காரர்கள் வெளியே பாய்ந்து வேலையை முடிப்பார்கள். பைக் வந்ததால் ஹால்பர்டு ஒழிந்துவிடவில்லை. நெருக்கத்தில் பைக்கால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் அதற்கு இடம் இருந்துகொண்டே இருந்தது.

இப்படி நிற்கவும், நின்றபடியே ஓட்டமும் நடையுமாக முன்னேறவும் யாரால் முடியும்? கூலிக்குத் திரட்டிய அந்நியர்களால் லேசில் முடியாது. சுவிஸ் அணிகளில் ஒரே பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக நின்றார்கள். ஓடிப்போனால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1393இல் சுவிஸ் ஊர்களும் நகரங்களும் சேர்ந்து போட்ட ஓர் உடன்படிக்கை, சண்டை முடியும்வரை யாரும் கொள்ளையில் இறங்கக் கூடாது என்றது. ஒழுக்கத்துக்காக மட்டும் போட்ட விதி இல்லை இது. நாலு பேர் கொள்ளைக்கு விலகினால் அணியில் நாலு ஆள் ஓட்டை.

பர்கண்டியின் பிரபு சார்லஸ், அன்றைய ஐரோப்பாவின் மிகப் பணக்காரப் படைகளில் ஒன்றை வைத்திருந்தார்: பீரங்கி, குதிரைப்படை, இங்கிலாந்து வில்லாளிகள் எல்லாம். 1476 மார்ச்சில் கிரான்சன், ஜூனில் மூர்ட்டன், 1477 ஜனவரி 5இல் நான்சி என மூன்று முறை சுவிஸ் சதுரங்களிடம் தோற்றார். நான்சியில் பனிக்குளத்தருகே இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது; மண்டை பிளந்திருந்தது, ஹால்பர்டு வேலை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1485இல், பாஸ்வர்த் களத்தில் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டுக்கும் கிட்டத்தட்ட அதே முடிவு. லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் 2012இல் அவரது எலும்புக்கூடு தோண்டி எடுக்கப்பட்டது. மண்டையின் அடிப்பகுதியில் இருந்த பெரிய வெட்டு, ஹால்பர்டோ பில்லோ போன்ற ஆயுதத்தால் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் முடிவு. முகம் தெரியாத ஒரு காலாள், கழி ஒன்றால், ஒரு அரச வம்சத்தை முடித்துவைத்தான்.

நான்சிக்குப் பிறகு எல்லோருக்கும் பைக் மோகம். ஹாப்ஸ்பர்க் மாக்சிமிலியன் ஜெர்மன் ஆட்களைச் சுவிஸ் பாணியில் பழக்கி, லாண்ட்ஸ்க்நெக்ட் படைகளை உருவாக்கினார். பிரெஞ்சு மன்னர்கள் சுவிஸ்காரர்களையே காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து மன்னன் நான்காம் ஜேம்ஸும் பிரான்ஸிலிருந்து பைக்குகளையும் பயிற்சி தர அதிகாரிகளையும் வரவழைத்தார்.

1513 செப்டம்பர் 9, ஃப்ளாடன். ஜேம்ஸின் படை குன்றின்மேல் நல்ல இடத்தில் நின்றது. எதிரே இங்கிலாந்தின் சர்ரே பிரபு. அவரது காலாட்களின் கையில் பழைய பில், பைக்கில் பாதி நீளம்கூட இராது. காகிதத்தில் கணக்குப் போட்டால் ஸ்காட்டியர் வெல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் வென்றார்கள்கூட: நிலம் சீராக இருந்த இடது கோடியில் பைக் அணி ஆங்கிலேயரைத் தள்ளிக்கொண்டு போனது. மன்னர் தலைமையில் நடுவில் இறங்கிய அணிக்குத்தான் விதி விளையாடியது. சரிவின் அடியில் மேலே இருந்து சரியாகத் தெரியாத ஒரு சதுப்பு ஓடை. இறங்கும்போதே வரிசை குலைந்தது. சேற்றில் கால் புதைந்தது. மறுகரையில் ஏற வேண்டியிருந்தது. உந்துவேகம் நின்றுபோன பைக் அணி வெறும் கழிக்காடு. பில்காரர்கள் முனைகளை ஒதுக்கித் தள்ளி, கழிகளை வெட்டி, உள்ளே நுழைந்தார்கள். பைக்கைக் கீழே போட்டு வாளை உருவியவனுக்கும் பில் நீளம் அதிகமாகவே இருந்தது. ஜேம்ஸும் அவரோடு பிரபுக்கள் பலரும் அங்கேயே விழுந்தார்கள்.

ஃப்ளாடனைப் பற்றி எழுதுகிறவர்கள் சிலர் பைக்கைவிடப் பில் சிறந்தது என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமநிலத்தில், பழகிய கைகளில் அதே பைக்குகள் இருந்திருந்தால் பில்காரர்கள் நெருங்கியே இருக்க முடியாது. சுவிஸ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியதைச் சில வாரங்களில் கற்றுக்கொண்டு, ஓடையைத் தாண்டிச் செய்து காட்டப் பார்த்தார் ஜேம்ஸ். பில்லோ, குலைந்த வரிசையிலும் தனி ஆள் கையிலும் வேலை செய்யும். நீளம் கூடக்கூட ஒழுங்கும் நிலமும் அதிகம் தேவைப்படும். அந்த விலையைக் கொடுக்க முடியாதவனுக்குக் குட்டைக் கழியே நல்லது.

சுவிஸ்காரர்களுக்கும் ஒன்பது ஆண்டுகளில் அடி விழுந்தது, ஆனால் இரும்புக் கழியிடம் இல்லை. 1522 ஏப்ரல் 27 அன்று மிலானுக்கு அருகே பிகோக்காவில், பிரெஞ்சுச் சம்பளத்தில் இருந்த அவர்கள் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நேராக முன்னேறினார்கள். முன்னால் பள்ளமான சாலை, அதன் பின்னால் மண்மேடு, மேட்டின்மேல் ஆர்க்கபஸ் துப்பாக்கிகளோடு ஸ்பானிய வீரர்கள். பள்ளத்தில் இறங்கிய சதுரம் அங்கேயே நின்றுவிட்டது. மேலிருந்து சரமாரியாகச் சுட்டார்கள். 3000 பேர் அளவில் மாண்டார்கள்.

இருந்தும் பைக் உடனே மறையவில்லை. அந்தக் காலத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்துக் குண்டு போட நேரம் பிடிக்கும். அதற்குள் குதிரைப்படை வந்துவிடும். ஆகவே துப்பாக்கிக்காரர்களைக் காக்கப் பைக்காரர்கள் இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கூடவே நின்றார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கிக் குழாயின் வெளிப்புறம் மாட்டும் பயோனெட் என்ற குத்துக்கத்தி பரவியது. சுடவும் முடியும், முள்வேலியும் போட முடியும் என்றானதும் பைக்காரருக்கு வேலை போனது. பிரான்ஸ் 1703இல் பைக்கைக் கைவிட்டது. ஹால்பர்டு மட்டும் சார்ஜெண்டுகளின் கையில் பதவி அடையாளமாகவும் வரிசையை நேர்படுத்தும் கோலாகவும் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியது. 1506இல் தொடங்கிய போப்பின் சுவிஸ் காவலர் படையிடம் இன்றும் அது இருக்கிறது.

ஐரோப்பிய அருங்காட்சியகம் எதற்காவது போனால், அல்லது இணையத்தில் படங்களைப் பார்த்தால், ஒன்றைக் கவனியுங்கள். பூவேலைத் துளைகள், தங்க முலாம், குடும்பச் சின்னம், பட்டுக் குஞ்சம் எல்லாம் இருக்கும் ஹால்பர்டு பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அரண்மனைக் காவலுக்குச் செய்தது. போருக்குப் போனது அழகாக இருக்காது: தடித்த அலகு, சுத்தியல் தழும்புகள், கொல்லரின் முத்திரை, கழிமேல் இறங்கும் அந்த இரும்புப் பட்டைகள். கழியை மட்டும் நம்பாதீர்கள். மரம் உளுத்துப்போவதால், பல இடங்களில் பழைய இரும்புத் தலையைப் பிற்காலத்துக் கழியில்தான் மாட்டி வைத்திருக்கிறார்கள். சில சமயம் வேண்டியதைவிடக் குட்டையாக.